மடித்து வைத்த விலை

தை மாதம் நெல் வரத்து தொடங்கிவிட்டால் செஞ்சி மார்க்கெட் கமிட்டி வாசலில் விடிவதற்கு முன்பே டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். வல்லம், ஆலம்பூண்டி, அனந்தபுரம், மேல்மலையனூர் என்று நாலா பக்கத்திலிருந்தும் வண்டிகள் வரும். மூட்டைகளை இறக்கி அடுக்கியதும் ஒவ்வொருவர் சரக்குக்கும் ஒரு லாட் எண் கொடுப்பார்கள். வியாபாரிகள் லாட் லாட்டாகப் போவார்கள். நெல்லை ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து உமியை ஊதிவிட்டு, அரிசியைப் பல்லில் கடித்து ஈரம் பார்ப்பார்கள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை என்றால் நாலு காயை உடைத்துப் பருப்பு எவ்வளவு தேறும் என்று பார்ப்பார்கள். பிறகு தங்கள் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். ஒருவர் எழுதியது அடுத்தவருக்குத் தெரியாது. பெட்டியைத் திறந்த பிறகுதான் எந்த லாட்டுக்கு எது உயர்ந்த விலை என்று தெரியவரும். அந்த விலை கட்டுப்படியாகவில்லை என்றால் விவசாயி தர மாட்டேன் என்று சொல்லலாம். அந்த உரிமை அவருக்கு உண்டு.

அந்த விலை பலகையில் ஏறும் நேரத்தில் அங்கே நின்று பார்க்க வேண்டும். மூட்டைமேல் படுத்திருந்தவர் எழுந்து வருவார். படிக்கத் தெரியாத பெரியம்மா பக்கத்தில் நிற்கும் பையனைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். தன் லாட்டைப் பார்த்தவர் அதோடு போய்விடுவதில்லை; பக்கத்து லாட்டுக்கு என்ன விலை என்றும் பார்ப்பார், தனக்கு ஏன் குறைந்தது என்று கேட்பார். செஞ்சியில் நாள்தோறும் இவ்வளவு கவனமாக வேறு எதையும் யாரும் படிப்பதாக நான் நினைக்கவில்லை.

நம் ஊர் மாதிரியான சிற்றூர்களில் வியாபாரச் செய்தி எப்படிப் பிறந்தது, யார் எழுதினார்கள், யாருக்காக எழுதினார்கள் என்பதை நான் பல காலமாகத் தேடிப் படித்துவருகிறேன். கோட்டையைப் பற்றிக் கேட்க ஊருக்கு நிறையப் பேர் வருகிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகு இன்னும் அதிகம் பேர் வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான். கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்தில் இருக்கும் பெரிய களஞ்சியத்தையும் அவர்கள் பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் களஞ்சியத்தில் கொட்டிய நெல்லுக்கு விளைவித்தவனுக்கு என்ன விலை கிடைத்தது என்று கேட்பவர் இல்லை. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். விலை தெரிந்தவன் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டால் முதலில் ஊர் கெடும், பிறகு அவனும் கெடுவான். என் வயதில் நான் உறுதியாக நம்பும் சில விஷயங்களில் இது ஒன்று.

எங்கள் குடும்பத்தில் மல்லாட்டைதான் பணப்பயிர். நான் சிறுவனாக இருந்த 1950-களில் அப்பா மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டு செஞ்சி மண்டிக்கு வருவார். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருந்ததால் என்னையும் ஏற்றிக்கொள்வார். திண்டிவனத்திலிருந்து வரும் பஸ்ஸில் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கும். மண்டி முதலாளிக்கு ஒரு பிரதி. அவர் அதைப் பிரித்து ஒரே ஒரு பக்கத்தைப் பார்ப்பார், பிறகு நான்காக மடித்துக் கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்துக்கொள்வார். அதற்கப்புறம்தான் பேச்சு.

“மெட்ராஸ்ல இன்னா வெல முதலாளி?”

“எறங்கிப்போச்சு பெரியவரே. நேத்தைக்கு வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.”

அவ்வளவுதான் பேரம். தரகு போக, எடைக்கூலி போக, சாக்குக்குக் கழிவு போக, மகமை போகக் கையில் வந்ததை அப்பா மடியில் முடிந்துகொண்டார். திரும்பும் வழியில் டீக்கடையில் அதே நாள் பத்திரிகை கிடந்தது. நான் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துப் படித்துக் காட்டினேன். விலை இறங்கவில்லை, ஏறியிருந்தது. பத்திரிகையில் கண்டி என்ற பழைய எடைக் கணக்கில் போட்டிருந்தார்கள், மண்டியில் மூட்டைக் கணக்கு. அப்பா விரல்விட்டு எண்ணி, ஒரு கண்டிக்கு எத்தனை மூட்டை என்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “சரி, வண்டியக் கட்டு” என்றார். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முதலாளியைத் திட்டவும் இல்லை. அடுத்த வருஷமும் அதே மண்டிக்குத்தான் போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நான் பிற்காலத்தில் பள்ளிக்கூட வாத்தியாரானதற்கும், கணக்கு வகுப்பில் பையன்களைக் கமிட்டிப் பலகையைப் பார்த்து எழுதிவரச் சொன்னதற்கும் அந்த மாலைதான் காரணம்.

நம் பக்கத்தில் அன்றாட வியாபாரத்தை உட்கார்ந்து எழுதிய பெரிய மனிதர் என்றால் முதலில் ஆனந்தரங்கப் பிள்ளையைத்தான் சொல்ல வேண்டும். 1736 செப்டம்பர் 6-ஆம் தேதி தொடங்கி, 1761 ஜனவரியில் சாகும்வரை, ஏறக்குறைய கால் நூற்றாண்டு அவர் நாட்குறிப்பு எழுதினார். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் வியாபாரத் தரகரும்; அதே நேரத்தில் தன் பேரில் கப்பலும் சரக்கும் வைத்து வியாபாரம் செய்தவர். தன் பாக்குக் கிடங்கில் உட்கார்ந்து யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், எந்தக் கப்பல் எப்போது கரை கண்டது, பீரங்கி எத்தனை முறை முழங்கியது, துணிக்கு முன்பணம் யாருக்குப் போனது என்று பேச்சுத் தமிழிலேயே எழுதிவைத்தார். அந்தக் காலத்தில் செஞ்சி புதுச்சேரியின் தலைவிதியோடு கட்டுண்ட ஊர். 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி இரவோடு இரவாகக் கோட்டையைப் பிடித்தான். பிள்ளை இறந்த அதே ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. ஏப்ரலில் செஞ்சியும் விழுந்தது.

அந்த நாட்குறிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு வியாபாரி எதைக் கவனிக்க வேண்டும், எப்படிக் கவனிக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல புத்தகம் தமிழில் இல்லை. ஆனால் அவர் அதை ஊருக்காக எழுதவில்லை. அவர் இறந்து எண்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1846-இல்தான் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதைத் தேடிக் கண்டெடுத்தார். ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக அச்சில் வந்து முடிய 1928 ஆகிவிட்டது. பாக்குக் கிடங்கில் எழுதப்பட்டபோது அது நெசவாளிக்கோ உழவனுக்கோ போய்ச் சேரவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அது, பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சரக்கின் செய்தி ஒரே ஒரு ஆளின் பெட்டிக்குள் இருந்த காலம் எப்படிப்பட்டது என்பதற்கு அந்த ஏடுகளே சாட்சி.

பிறகு வந்தது மல்லாட்டைக் காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாற்காடு முழுக்க நிலக்கடலை பரவியது. வண்டி வண்டியாகப் புதுச்சேரித் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து பிரான்சில் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. 1879-இல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே ரயில் பாதை வந்ததும் அந்தப் போக்குவரத்து இன்னும் பெருகியது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செஞ்சிக் காட்டில் மானம் பார்த்து மல்லாட்டை போட்டவனின் விலையை மார்செய் தீர்மானித்தது. அங்கே விலை ஏறினாலும் இறங்கினாலும் புதுச்சேரி ஏற்றுமதிக்காரனுக்குத் தந்தி வந்துவிடும். அவனிடமிருந்து தரகனுக்கு, தரகனிடமிருந்து மண்டிக்காரனுக்கு. ஒவ்வொரு படியிலும் செய்தி கொஞ்சம் மடிக்கப்பட்டு, கடைசியில் களத்துமேட்டில் நின்றவனிடம் வந்தபோது ‘எறங்கிப்போச்சு’ என்ற ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம். ஏறின செய்தி அவனுக்கு வரவே வராது. செஞ்சிக்கு இன்றுவரை ரயில் இல்லை. சரக்கும் சேதியும் சாலை வழியாகத்தான் வந்தன.

பெரிய ஊர்களில் அப்போதே பத்திரிகைகள் இருந்தன. பம்பாய் வியாபாரிகளுக்காக 1838 நவம்பரில் ‘பம்பாய் டைம்ஸ் அண்ட் ஜர்னல் ஆஃப் காமர்ஸ்’ தொடங்கியது, வாரம் இரண்டு முறை. பெயரிலேயே வியாபாரம். 1861-இல் அதுதான் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’ ஆனது. நம் பக்கத்தில் ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் ‘சுதேசமித்திரன்’ தொடங்கினார், 1899-இல் அதை நாளிதழாக்கினார். வரி, ஏற்றுமதி, பஞ்சம், நாணய மதிப்பு என்று பொருளாதாரத்தைத் தமிழில் எழுதிப் புரியவைக்க முடியும் என்று காட்டியவர் அவர். அந்த ஒரு காரியத்துக்காகவே அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் சிற்றூர் ஒன்றில் வணிகர்களே சேர்ந்து நடத்திய தமிழ்ப் பத்திரிகை என்றால் என் மனம் காரைக்குடிக்குத்தான் போகும். 1920-இல் அங்கே ‘தனவைசிய ஊழியன்’ தொடங்கியது. ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டு இளைஞர்கள் அதன் பின்னால் இருந்தார்கள். சொ. முருகப்பாவும் ராய. சொக்கலிங்கமும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய பெயர்கள். பின்னால் ‘தனவைசிய’ என்ற அடை நீங்கி வெறும் ‘ஊழியன்’ ஆனது. ஒரு சாதிக்காரர் இதழாகத் தொடங்கியது எல்லோருக்கும் உரிய இதழாக விரிந்தது. புதுமைப்பித்தன் கொஞ்ச காலம் அங்கே வேலை பார்த்தார் என்றால் அதன் தரத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

வணிகர் பணத்தில் நடந்த பத்திரிகை வணிகரைப் புகழ்ந்துகொண்டே இருந்திருக்கலாம். கல்யாணச் செய்தி, புது மனை புகுவிழா, கடை திறப்பு, கோயில் திருப்பணி என்று போட்டுக்கொண்டே போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த இளைஞர்கள் அப்படிச் செய்யவில்லை. சீர்திருத்தத்தைக் கையில் எடுத்தார்கள், தேசிய இயக்கத்தோடு நின்றார்கள். முருகப்பா விதவை மறுமணத்துக்காகப் பேசியதோடு நில்லாமல் தாமே ஒரு விதவையை மணந்தார். அவர் மனைவி மரகதவல்லி 1936-இல் ‘மாதர் மறுமணம்’ என்றே ஒரு இதழ் நடத்தினார். பணம் போட்டவர்கள் வீட்டு வாசலிலேயே நின்று அந்த வீட்டுக் குறையைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இன்று ஊர்ப் பத்திரிகை நடத்தும் இளைஞர்களிடம் நான் காரைக்குடியைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். விளம்பரம் கொடுக்கிறவர் கோபித்துக்கொள்வார் என்று ஒரு செய்தியை நிறுத்திய நாளிலிருந்து அந்தப் பத்திரிகையின் விலை நிலவரத்தையும் ஊர் நம்பாது.

காரைக்குடியின் கதைக்குக் கடலுக்கு அப்பால் இன்னொரு பாதி உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். ரங்கூனில் பர்மா நகரத்தார் ‘தனவணிகன்’ என்று ஒரு இதழ் நடத்தினார்கள். கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார், காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவர், பிற்காலத்தில் ‘குமரி மலர்’ நடத்தியவர், இளம் வயதில் அந்தத் ‘தனவணிகன்’ இதழுக்கு ஆசிரியராக இருந்தார். ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார் கடைகள் வரிசையாக இருந்தன. மாதந்தோறும் கூடி நடப்பு வட்டி இவ்வளவு என்று தங்களுக்குள் நிர்ணயித்துக்கொண்டார்கள். கணக்கில் அவ்வளவு சுத்தம், வாக்கில் அவ்வளவு நாணயம். தங்களுக்குள் செய்தியைப் பகிர்ந்துகொள்வதில் உலகத்தில் எந்த வங்கிக்கும் அவர்கள் குறைந்தவர்கள் இல்லை.

ஆனால் அந்தச் செய்தி பர்மிய உழவன் கைக்குப் போகவில்லை. அவன் மொழியில் யாரும் அதை எழுதவில்லை. 1930-இல் உலகச் சந்தையில் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய உழவனால் கட்ட முடியவில்லை. செட்டியார்கள் நிலம் கேட்டு வந்தவர்கள் அல்ல, பணம்தான் அவர்களுக்கு வேண்டியது. ஆனாலும் பணத்துக்குப் பதில் நிலம்தான் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் அவர்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1937-இல் அது 25 சதவீதம். ஏழே ஆண்டில் நாலில் ஒரு பங்கு வயல், அந்த ஊர்க்காரன் அல்லாத ஒருவன் பெயருக்கு மாறிவிட்டது. பர்மியர் மனதில் மூண்ட கோபத்துக்கு நியாயம் இல்லை என்று சொல்ல முடியுமா? 1942-இல் ஜப்பான் படை வந்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் காடு மலை தாண்டி நடந்து வந்தவர்களில் நம்மவர் எத்தனை ஆயிரம். சுதந்திர பர்மா 1948-இல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. போன நிலம் திரும்பவில்லை.

நெல் விலையைச் சரித்த உலகப் பொருளாதார மந்தம் செட்டியார் கொண்டுவந்தது இல்லை, போரும் அவர்கள் கொண்டுவந்தது இல்லை. ஆனால் கொடுத்தவனுக்கு எல்லாம் தெரிந்து, வாங்கியவனுக்கு எதுவும் தெரியாமல் நடந்த வியாபாரம், நெருக்கடி வந்த அன்று இரண்டு பேரையும் காப்பாற்றவில்லை. என் அப்பாவின் மண்டிக்காரர் கதையும் வேறு மாதிரி முடியவில்லை. அவர் மகன் காலத்தில் கமிட்டி நன்றாக நடக்கத் தொடங்கியதும் அந்த மண்டிக்கு வண்டி வருவது நின்றது. ஊருக்கு நினைவு இருந்தது.

அந்தக் கமிட்டி, அதாவது ஒழுங்குமுறைச் சந்தை, சும்மா வந்துவிடவில்லை. 1928-இல் விவசாயத்துக்கான ராயல் கமிஷன், விளைபொருளை ஒழுங்கான சந்தையில் வைத்து விற்க வேண்டும், எடையும் விலையும் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று எழுதியது. சென்னை மாகாணத்தில் 1933-இல் வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் வந்தது. 1936-இல் திருப்பூரில் பருத்திக்கு முதல் ஒழுங்குமுறைச் சந்தை. அதன் பிறகு தென்னாற்காட்டில் நிலக்கடலைக்கு. 1959-இல் இன்னொரு சட்டம், 1987-இல் இன்னொன்று. காகிதத்தில் இதெல்லாம் வறட்டுச் செய்தி. ஆனால் தராசுத் தட்டில் கை வைக்காமல் எடை போட வேண்டும், கழிவு என்று பிடிக்கக் கூடாது, சந்தைக் கட்டணத்தை வாங்குகிறவன் கட்ட வேண்டுமே தவிர விற்கிறவன் அல்ல என்ற ஒவ்வொரு விதிக்கும் பின்னால் என் அப்பாவைப் போல வாயைத் திறக்காமல் வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பிய ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

வானொலியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் விலை தெரிந்த முதல் காலம் அது. திருச்சி வானொலி சொல்லிச் சொல்லிப் பரவியதால் ஏ.டி.டி. 27 ரகத்துக்குத் தஞ்சைப் பக்கத்தில் ரேடியோ நெல் என்றே பெயர் வந்துவிட்டது. ஊர் நடுவில் பஞ்சாயத்து ரேடியோ பாடும்போது அதன் செய்தியை யாரும் மடித்துக் கல்லாப்பெட்டிக்கு அடியில் வைக்க முடியாது. 1999-இல் உழவர் சந்தை வந்தபோதும் அதே நல்ல காரியம் நடந்தது. காலையில் காய்கறி விலையைப் பலகையில் எழுதி வாசலிலேயே வைத்தார்கள்.

பத்திரிகை நடத்துவது எவ்வளவு பாடு என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். பள்ளிக்கூட ஆண்டு மலர் அச்சிட ஒரு சின்ன அச்சகத்துக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். டிரடில் மெஷினைக் காலால் மிதித்து ஓட்டிய காலம். கதையும் கட்டுரையும் கோப்பதில் அந்தக் கம்பாசிட்டருக்கு சிரமமே இல்லை. விலைப்பட்டியல் என்றால்தான் முகம் மாறும். ஒவ்வொரு வரியிலும் எண், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ஈய எழுத்து. பாதிப் பட்டியலிலேயே சுழியம் தீர்ந்துவிடும். முன்னால் கோத்ததைப் பிரித்தெடுத்துத்தான் பின்னால் உள்ளதைக் கோக்க வேண்டும். அதோடு, கட்டுரையில் ஒரு எழுத்து மாறினால் படிக்கிறவன் தானே திருத்திக்கொள்வான். விலையில் ஒரு எண் இடம் மாறினால் அது பொய்யாகிவிடும். அதனால் அவர் பட்டியலைக் கோத்து முடித்ததும், ஒருவரை எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, தான் விரலால் ஈயத்தைத் தடவிச் சரிபார்ப்பார். அந்தப் பொறுமையைப் பார்த்த பிறகு பத்திரிகையில் விலை நிலவரம் என்ற சின்னக் கட்டத்தை நான் ஒருநாளும் அலட்சியமாகத் தாண்டியதில்லை.

இப்போது கம்பாசிட்டரும் இல்லை, பஸ்ஸில் வரும் கட்டுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். 2016-இல் மத்திய அரசு இ-நாம் என்ற மின்னணுச் சந்தையைத் தொடங்கியது. எந்த ஊரில் என்ன விலை என்பது கைப்பேசியிலேயே வருகிறது. என் தங்கையின் பேரன் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்து, செஞ்சி கமிட்டி விலையைத் தினமும் போடுகிறான். சுற்று வட்டாரத்து விவசாயிகள் நிறையப் பேர் அதில் இருக்கிறார்கள். செஞ்சிக்கு ஒரு வியாபாரப் பத்திரிகை இருக்கிறதா என்று கேட்டால் இன்றைக்கு நான் அதைத்தான் காட்டுவேன். அவன்மேல் எனக்குப் பெருமையும் உண்டு, குறையும் உண்டு.

குறை இதுதான். அவன் போட்டது பெரும்பாலும் உச்ச விலை மட்டும். பெரிய பத்திரிகைகளும் அப்படித்தான் போடுகின்றன, ‘ஒரு மூட்டை இவ்வளவு வரை விற்றது’ என்று. படிக்கிறவனுக்கு அது சந்தோஷமாக இருக்கும். ஆனால் அன்று வந்த சரக்கில் அந்த விலைக்குப் போனது ஒன்றிரண்டு லாட்டாகத்தான் இருக்கும். அதை நம்பி வண்டி வாடகை கொடுத்து வந்தவன் நடுத்தர விலைக்கு விற்றுவிட்டு, கமிட்டியில் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு போவான். உண்மையைப் பாதி சொன்னாலும் மடித்து வைத்ததுதான்.

“உசந்த வெலையப் போடு, வேணாங்கல. கம்மியா போனதும் போடு. எத்தனை மூட்ட எந்த வெலைக்குப் போச்சுன்னும் போடு” என்றேன்.

“அதெல்லாம் யார் தாத்தா படிப்பாங்க?”

“மூட்ட வச்சிருக்கிறவன் படிப்பான்.”

இன்னொன்றும் சொன்னேன். அரசாங்க விலை குவிண்டால் கணக்கில் வருகிறது. நம் கமிட்டியில் நெல் 75 கிலோ மூட்டை, மல்லாட்டை 80 கிலோ மூட்டை. கண்டிக்கும் மூட்டைக்கும் நடுவில் என் அப்பா மாட்டிக்கொண்ட அதே இடத்தில் இன்றைய பிள்ளைகளும் நிற்கிறார்கள். 2025–26 பருவத்துக்குத் தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துப் பொது ரக நெல்லுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய். மூட்டைக்குக் கணக்குப் போட்டால் பொது ரகம் 1,875 ரூபாய், சன்ன ரகம் 1,908 ரூபாய் 75 காசு. அதே பருவத்தில் நிலக்கடலைக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய், அதாவது 80 கிலோ மூட்டைக்கு 5,810 ரூபாய் சொச்சம். இந்த எண்ணைப் பலகை விலைக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டால், அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போவதா, கமிட்டிக்கு வருவதா என்று வீட்டிலேயே உட்கார்ந்து முடிவு செய்யலாம். வண்டி வாடகை மிச்சம்.

முதலில் முனகினான். பிறகு செய்தான். தாழ்ந்த விலையையும் போட்ட அன்றைக்கே ஒரு வியாபாரி கூப்பிட்டு, இதையெல்லாம் எதற்குப் போடுகிறாய், ஆள் வர மாட்டார்கள் என்று சத்தம் போட்டாராம். ஆலம்பூண்டிப் பக்கத்து விவசாயி ஒருவரும் கூப்பிட்டிருக்கிறார். தாழ்ந்த விலைக்குப் போனது அவர் நெல்தான். ஏன் அப்படி என்று கேட்டிருக்கிறார். பையன் கமிட்டியில் விசாரித்து, ஈரம் அதிகம், இன்னும் காயவைத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். மிச்சம் இருந்த நெல்லை அவர் களத்தில் கொட்டி நன்றாகக் காயவைத்து அடுத்த வாரம் கொண்டுவந்தார். கூடுதல் விலைக்குத்தான் போனது. அந்த வியாபாரியே அதை எடுத்தார் என்று பையன் சொன்னான். அவருக்கும் காய்ந்த நெல்தானே வேண்டும்.

இப்போது அந்தக் குழுவில் உச்ச விலை, தாழ்ந்த விலை, வரத்து மூட்டை, அரசு விலை நாலும் வருகிறது. நான் இன்னும் ஒன்று கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வாரச்சந்தையில் ஆடு விலையும் போட வேண்டும். கால்நடைச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசும் பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஒரு ஆடு என்ன விலைக்குக் கைமாறியது என்று விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் தரகனுக்கும் மட்டும்தான் தெரியும். இரண்டு ஆடு வளர்த்து, பிள்ளையைப் படிக்கவைக்கிற பெண்கள் அந்தச் சந்தைக்குத்தான் வருகிறார்கள். தரகர்கள் சொல்ல மாட்டார்கள் தாத்தா என்றான். தரகரை ஏன் கேட்கிறாய், விற்றுவிட்டு வெளியே வருகிற அம்மாவைக் கேள் என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் நின்று கேட்டு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறான். நானும் கூடப் போகிறேன்; தெரியாத பையனிடம் சொல்லத் தயங்குகிறவர்கள், பழைய வாத்தியாரிடம் சொல்வார்கள்.